கைத்துப்பாக்கிக்கு ஒரு விளக்கு

"தனி டார்ச் ஒண்ணு போதும்னுதானே—"

"எந்தக் கையில பிடிக்க வெல்டா? எந்தக் கையில?"

"முழுசா கேளு. துப்பாக்கியிலயே விளக்கை மாட்டிட்டா, எதைப் பாக்கணும்னாலும் அதைக் குறி வெச்சுத்தான் பாக்கணும். பூனையா இருந்தாலும்—"

"என் ட்ரில்லைப் பூனையா தூக்கிட்டுப் போச்சு?"

குண்டுகள் நீக்கிய துப்பாக்கி கண்ணாடி மேசையில் கிடந்தது. குழலுக்கு அடியில் பொருத்தும் விளக்குகள் இரண்டைக் கடைக்காரன் லோனி பக்கத்தில் வைத்திருந்தான். பக்கவாதத்துக்குப் பிறகு வெல்டாவின் கணவர் ராய்ஸின் இடது கை சட்டைப் பையை விட்டு வெளியே வருவதில்லை.

"சின்னது பழைய உறையில நுழையும்," என்றான் லோனி. "பெரிசுக்குப் புது உறை வேணும். ஆனா தரையைப் பாத்து அடிச்சாலே ரூம் முழுக்க வெளிச்சம் வரும். ஆள் மேல குறி வைக்கவே வேணாம்."

"மூஞ்சி தெரியுமா?"

"மச்சம் தெரியும்."

"சுடறதுக்கு மூஞ்சி எதுக்கு?" என்றாள் வெல்டா.

ராய்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, லோனியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நான் காப்பி குடிச்சிட்டு வரேன்," என்றான் லோனி. "அதுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்காதீங்க. இப்பதான் தரையைத் துடைச்சேன்."

கொட்டகையிலிருந்து சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தது வசந்தத்தில். எடுப்பது யாரென்று வெல்டாவுக்குத் தெரியும். ஒரு விடியற்காலையில் சமையலறை ஜன்னல் வழியே மகன் ட்ராய் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். பெற்ற பிள்ளையைத் திருடன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ராய்ஸ் அவனை அடியோடு தலைமுழுகிவிடுவார். சொல்லாவிட்டாலோ, இந்தத் துப்பாக்கி.

"விளக்கு வேணாம்," என்றாள். "வாங்கினா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

ராய்ஸ் துப்பாக்கியை எடுத்துப் பெட்டியில் வைத்தார். "சரி. ஜெயிச்சிட்ட," என்று வண்டிக்குப் போனார்.

கோபம் தணியட்டும் என்று, வேண்டாத காலுறைகளை அவள் புரட்டிக்கொண்டு நின்றாள். வெளியே வந்தபோது ராய்ஸ் வண்டிக்குள் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எப்போதும் அவள்தான் போட்டுவிட வேண்டிய சீட் பெல்ட்டைத் தானே போட்டிருந்தார்.

சவ அடக்க மண்டபத்துப் பின்கூடத்தில் தேவாலயப் பெண்கள் துக்கத்துக்கு வந்தவர்களுக்காகப் பன்றித்தொடைக் கறியை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இரவல் கோட்டில் வந்த ட்ராய் அப்பாவின் சவப்பெட்டிக்கு அருகில் நின்றான். வெல்டா ராய்ஸின் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"போன வாரம் கொட்டகையில அப்பா என்னைப் பாத்துட்டார் மா."

அவள் கை நின்றது.

"திட்டல. குளிருக்கு இங்கயே வந்து படுத்துக்கோன்னார். ஆனா வேற எவனாவதுன்னு நினைச்சு உன்னைச் சுட்டுட்டா நான் என்னடா பண்ணுவேன்னு கேட்டார். நல்ல வெளிச்சமா ஒரு விளக்கு வாங்கி மாட்டிடறேன்னார்."

வெல்டா மீண்டும் காலரைத் தொட்டாள்.

"நான்தான் எடுக்கறேன்னு உனக்குத் தெரியவே கூடாதாம். தெரிஞ்சா தாங்க மாட்டியாம். அதான் உன்கிட்ட எப்படிச் சொல்லி வாங்கறதுன்னே புரியலடான்னு சிரிச்சார்."

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். ட்ராய் குரலைத் தாழ்த்தினான்.

"உனக்கு நெஜமாவே தெரியாதா மா?"