இரண்டு மடக்கு நாற்காலிகள்

ஏலத்துக்கு வந்த வீட்டின் புல்லை, அதில் வாடகைக்கு இருந்து இப்போது காலி செய்யவேண்டிய வின்ஸே வெட்டி வைத்திருந்தார். வருகிறவர்கள் குறை சொல்லிவிடக் கூடாதாம். மரநிழலில் இரண்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டு ஒன்றில் உட்கார்ந்திருந்தவர், தெருவில் வந்த டெல்மாவைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"வா, வா. உனக்குன்னு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன். துணைக்கு நீயாவது வந்தியே."

டெல்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த வீடு அவளுடையது. வின்ஸுக்கு அது தெரியாது. ஒப்பந்தத்தில் இருந்தது ஒரு கம்பெனியின் பெயர். வாடகை, குழாய் ரிப்பேர் எல்லாம் ஏஜெண்ட் வழியாகத்தான். குடியிருப்பவரோடு நேரில் பேச்சு வைத்துக்கொள்ளாதே, மனஸ்தாபமே வராது என்று முதல் வீடு வாங்கிய காலத்தில் யாரோ சொன்னதை அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் பெண்டிகோ ஒன்றும் அவ்வளவு பெரிய ஊரில்லை. புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப்பில் வியாழக்கிழமை ஆட்டத்துக்கு அவளுக்கு ஜோடியாக வந்து வாய்த்தவர் வின்ஸ். "என் வீட்டுக்காரன் இருக்கானே, கஞ்ச மகாபிரபு" என்று முதல் நாளே ஆரம்பித்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். சிரித்துத் தொலைத்தாள். அப்புறம் வாராவாரம் சிரிக்கவேண்டியதாயிற்று.

ஏஜெண்ட் லாக்லன் நடைபாதையில் நின்று ஏலம் கூவிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்தார் நாய்களோடு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு இளம் தம்பதி விடாமல் விலையை ஏற்றிக் கேட்டார்கள், மனைவிக்கு நிறைமாதம். அவர்கள் வாங்கினால் குடியேறத்தான் வாங்குவார்கள். ஏலக் கேள்வி நின்றதும் லாக்லன், "உரிமையாளரைக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று வீட்டுக்குள் போனான். போகும்போது டெல்மாவை ஒரு பார்வை பார்த்தான்.

வின்ஸ் அவள் பக்கம் சாய்ந்தார். "மகாபிரபு உள்ளதான் இருக்கான்போல. வெளிய வரட்டும், மூஞ்சிய நல்லாப் பாத்து வெச்சுக்கிறேன்."

"உள்ள யாரும் இல்ல வின்ஸ். வீட்டுக்காரி நான்தான்."

அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அந்த ஹீட்டர்..." என்றார். "கிளப்புல புலம்பின மறுநாளே ஆள் வந்தான். எப்படின்னு மண்டையப் பிச்சுக்கிட்டேன்."

"நான்தான் அனுப்பினேன்."

"வாடகைய ஏத்தினது?"

"அதுவும் நான்தான்." டெல்மா மடியிலிருந்த தொப்பியைத் திருப்பினாள். "கிளாரிய முதியோர் இல்லத்துல சேர்க்கணும். முன்பணம் கட்டியாகணும்."

"உன் புருஷன் நெலம எனக்குத் தெரியாதா? அவரக் குளிப்பாட்ட முடியலன்னு நீ அழுதப்ப பக்கத்துல இருந்தது யாரு? விக்காதேன்னா சொல்லியிருப்பேன்?" அவர் குரலை உயர்த்தவில்லை. "காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் அந்த ஏஜெண்ட் பையன் கையால வந்துச்சு டெல்மா. நேர்ல சொல்ல உனக்கு எத்தன வியாழக்கிழமை இருந்துச்சு."

"பயந்துட்டேன். ஜோடி போயிடுமேன்னு."

வாசலில் லாக்லன் தலை தெரிந்தது.

"போ" என்றார் வின்ஸ். "எல்லாரும் வெயில்ல நிக்கிறாங்க. வயித்துப்புள்ளக்காரி வேற."

தொப்பியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு டெல்மா உள்ளே போனாள். கூடத்தில் பாதி நிறைந்த அட்டைப்பெட்டிகள். ஒன்றின் மேல், போன வருஷம் இருவரும் சேர்ந்து ஜெயித்த சின்னக் கோப்பை, செய்தித்தாளில் சுற்றிவைக்கக் காத்திருந்தது.

"குடுத்துடலாமா?" என்றான் லாக்லன்.

"குடுத்துடு." குரல் உடையவில்லை. அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

அவன் தெருவுக்கு ஓடி, காகிதச் சுருளை உள்ளங்கையில் அறைந்து "வித்தாச்சு!" என்றான். கைதட்டினார்கள். கணவன் மனைவியைக் கட்டிக்கொண்டான்.

டெல்மா படியில் நின்றாள். அவளுடைய நாற்காலி மடக்கி வேலியில் சாத்தப்பட்டிருந்தது. வின்ஸ் எழுந்திருக்கவில்லை. அவர் மடியில் அவளுடைய தொப்பி இருந்தது.

அவள் பக்கத்தில் போனாள். "வியாழக்கிழமை வருவியா?"

வின்ஸ் நிமிரவில்லை. தொப்பி விளிம்பில் ஒட்டியிருந்த வெட்டுப்புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.