விரிசல் மேல் பூசிய சிமெண்ட்

அன்னம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் முறையாகச் சொன்ன பொய்யையும் அவள் வாயால் சொல்லவில்லை, சிமெண்டால் பூசினாள்.

திருமழிசைக்கு மேற்கே மூடிப்போன கல்குவாரி அது. கல்லை வெட்டி விற்றவர்கள் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். நூறடிப் பள்ளமும், எப்போது சரியுமோ என்று நிற்கிற சுவரும்தான் ஊருக்கு மிச்சம். இப்போது அதை ஏரியாக்கிச் சுற்றிலும் மரம் வைக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் சுவர் சரியாமல் நிலைத்தாக வேண்டும். அதைப் படிப்படியாக வெட்டி, மண்ணைப் பிடித்து நிறுத்தப் படிகளில் வெட்டிவேர் நட்டிருந்தார்கள். அதற்குத் தண்ணீர் ஊற்றுவது அன்னம்மாள் வேலை. இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு, ஆடுகிற கற்களைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவது அவள் புருஷன் உலகநாதன் வேலை.

அம்பத்தூரில் கம்பெனி மூடியதிலிருந்து இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்த மனுஷன். நல்லது கெட்டதுக்குக்கூட வெளியே வரமாட்டார். இந்த வேலை கிடைத்த பிறகுதான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறார். இது போய்விடக் கூடாதே என்று அவள் கும்பிடாத சாமியில்லை.

சுவரின் உச்சியில் ஒரு நீள விரிசல். அதன் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட் பூசி, தேதி எழுதி வைத்திருந்தாள் இன்ஜினியர் கிருஷ்ணப்பிரியா. சுவர் நகர்ந்தால் சிமெண்ட் பிளக்கும். பிளந்தால் யாரும் கீழே இறங்கக் கூடாது. முந்தாநாள் அன்னம்மாளின் குடம் நழுவி அதன்மேல் விழுந்தது. குடத்தைத் தூக்கிப் பார்த்தால் சிமெண்ட் பிளந்திருந்தது. தன்னால்தான் என்று பதறிப்போனாள். தன் வேலையோடு புருஷன் வேலையும் போய்விடுமே! கல் உருளாமலிருக்கச் சுவரில் கம்பி வலை அடிக்கிறவர்களிடம் ஒரு கை கலவை வாங்கி வந்து பூசினாள். குச்சியால் பழைய தேதியையே எழுதி, மேலே மண்ணும் தேய்த்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

இன்று காலை அந்தப் புதுப் பூச்சிலும் முடி அளவுக்கு ஒரு பிளவு. இன்று எந்தக் குடமும் விழவில்லை. நேர் கீழே உலகநாதன் தொங்கிக்கொண்டிருந்தார்.

“யோவ்! மேல வாய்யா! சொவுரு நவுருதுய்யா!”

அவள் போட்ட கூச்சலில் நாலு பேர் ஓடிவந்து கயிற்றை இழுத்தார்கள். கிருஷ்ணப்பிரியாவும் ஓடிவந்தாள்.

“மேடம், இது நான் பூசுனது. முந்தாநாளே ஒடைஞ்சிக்கீது. என் கொடம் பட்டுத்தான்னு நெனச்சிக்கினேன்” என்று அன்னம்மாள் அழுதாள்.

மேலே வந்து இன்னும் மூச்சுகூட விடாத உலகநாதன், “அவ இல்ல மேடம், நான்தான் பூசுனேன்” என்றார்.

கிருஷ்ணப்பிரியா குனிந்து பார்த்தாள். சிமெண்டில் வரிசையாக வளையல் தடம். “எப்போலேந்துண்ணே நீங்க வளையல் போட ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே எல்லோரையும் சுவரைவிட்டு விலகச் சொல்லிக் கை காட்டினாள்.

மத்தியானம் லாரி அளவுக்கு ஒரு பாறை, அவர் தொங்கிய இடத்தோடு பெயர்ந்து விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. “ஒரு வாரம் வேலைக்கு வராதீங்கக்கா. அப்புறம் வந்து, எது ஒடைஞ்சாலும் மொதல்ல என்னைக் கூப்பிடுங்க” என்றாள் கிருஷ்ணப்பிரியா.

பஸ் நிறுத்தத்தில் உலகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டார்: “ஏன் அன்னம் மறைச்ச?”

“உன் வேல பூடும்னுதான்.”

“ரெண்டு வருசம் ஊட்ல குந்திகினு இருந்தனே, அவ்ளோ பாரமாவா இருந்தேன் உனக்கு?”

அன்னம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பாரமா? எவன்யா சொன்னான்? நீ ஊட்ல இருந்தப்போ நான் நிம்மதியா தூங்குனேன்யா. நீ கயித்துல தொங்க ஆரம்பிச்ச நாள்லேந்து ஒரு நாள் கண்ண மூடல.”

உலகநாதனுக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

“இத அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“நீ கேட்டியா?” என்றாள் அவள்.