ஏயு

மதியம் மூன்றரை மணிக்கு அருள்பிரகாசம் சார் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மேனேஜர் தன் அறையை விட்டு எழுந்து வந்தால் நல்ல சேதி இருக்காது. "இந்தப் பொட்டி எந்த வரிசையில இருக்குன்னு பாரும்மா. வண்டி வந்து ஒரு மணி நேரமா நிக்குது" என்று ஒரு சீட்டை நீட்டினார். கே.டி.ஏ.யு. 741256. அடித்தேன். பதிவு இல்லை என்றது திரை. மறுபடி அடித்தேன். கம்ப்யூட்டருக்கு என்ன, நூறு தடவை கேட்டாலும் அலுக்காமல் அதே பதிலைச் சொல்லும்.

தண்டையார்பேட்டையில் இருந்த அந்த யார்டில் ஆயிரத்து எண்ணூறு கண்டெய்னர்கள் அடுக்கியிருந்தன. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் கேட்டில் நிற்கும் பீம்ராவ் வாக்கிடாக்கியில் சொல்வார். மாடியில் உட்கார்ந்து நான் அடிப்பேன். அடுக்கிய இடத்தையும் அதற்கு நேரே ஏற்றிவிடுவேன். அடித்தால்தான் அந்தப் பெட்டி உண்டு. அடிக்காவிட்டால் நாற்பதடி இரும்பாக இருந்தாலும் அது இல்லை. இதில் வேடிக்கை, மூன்று மாதத்தில் நான் ஒரு பெட்டியைக்கூடப் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. என் ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கிடங்கின் சுவர்தான்.

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருடம். டைப்ரைட்டிங் லோயர் பாஸ், திருவொற்றியூரில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பு, எண்களைப் பார்க்காமலே அடிக்கும் வலதுகை. என் தகுதி இவ்வளவுதான். சோதனைக்காலச் சம்பளம் ஆயிரத்து எண்ணூறு. நிரந்தரமானால் இரண்டாயிரத்து அறுநூறு, பி.எஃப். உண்டு. இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் பாரிமுனை ஆபீசுக்கு மாற்றுவார்கள், அங்கே ஏ.சி. என்று பேச்சு. மறுநாளோடு என் மூன்று மாதம் முடிகிறது. வேலையில் வைத்துக்கொள்ளப் போகிறவர்களிடம் பி.எஃப். படிவத்துக்கு இரண்டு போட்டோ கேட்பார்கள். மற்றவர்களிடம் "போன் பண்றோம்" என்பார்கள். எனக்கு முன்னால் இருந்த பெண்ணுக்கு இன்னும் அந்த போன் வரவில்லை.

நாங்கள் தெற்கத்திக்காரர்கள், காலடிப்பேட்டையில் மளிகைக் கடை. "ஊரான் பொட்டிய எண்ணுததுக்கு நம்ம கடையில பருப்பு நிறுக்கலாம்லா" என்று அப்பா தினமும் சொல்வார். பிளஸ் டூ முடித்து மூன்று வருடம் நிறுத்தேன். எனக்குப் பருப்பு நிறுக்கப் பிடிக்கவில்லை. அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. வேலை கிடைத்ததும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

சீட்டை வைத்துக்கொண்டு கடந்த நான்கு நாள் பதிவுகளையெல்லாம் புரட்டினேன். இல்லை. பெட்டிக்குள் இருப்பது தோல் செருப்பு, போக வேண்டியது அன்று கிளம்பும் கப்பலில். சார் ஆளை அனுப்பி வரிசை வரிசையாகத் தேடச் சொன்னார். நான்கு அடுக்கில் ஆயிரத்து எண்ணூறு பெட்டி. வைக்கோல் போரில் ஊசியைத் தேடுவதாவது தேவலை.

"கேட்டுல அந்தாளு என்ன உளறினானோ. அவன் பேசுறது எவனுக்குப் புரியுது?" என்றார் சார். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பீம்ராவ் பேசுவதைப் போல் பேசிக்காட்டுவது அங்கே தினசரி விளையாட்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு அவர் தலையில் விழுந்தால் நான் தப்பித்தேன் என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்ததை மறைப்பானேன்.

மணி நாலே முக்கால். வாக்கிடாக்கி கரகரத்தது.

"இன்னாம்மா பண்ணிகினு கீறே? டிரைவர் பேஜாரு பண்றான். ஏயு மணிக்கு ஆர்பர் கேட்டு மூடிடுவான்."

ஏயு மணி.

கை தானாக விசைப்பலகைக்குப் போனது. பெட்டி எண்ணில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். அதை விட்டு ஆறு அடித்தாலும் எங்கள் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். சார் சீட்டிலும் ஆறுதான். பீம்ராவ் மட்டும் ஏழையும் படிப்பார். இந்தப் பெட்டி உள்ளே வந்த அன்றைக்கு அவர் "கே டி ஏ யு, ஏயு, நாலு, ஒன்னு" என்று படித்திருக்கிறார். லாரி ஹாரனுக்கு நடுவே எழுத்துகளை இரண்டு முறை சொல்வது அவர் வழக்கம். இரண்டாவது ஏயுவை நான் அப்படி எடுத்துக்கொண்டேன். மூன்று மாதமாக அவருடைய ஏயுவை ஏழு என்றே அடித்து வந்தவள், இந்த ஒரு இடத்தில் போய்த் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

முதல் ஏழை விட்டுவிட்டு, சீட்டில் இருந்த மிச்ச ஐந்து இலக்கத்தோடு தேடினேன். 412563 என்று ஒரு பெட்டி வந்து நின்றது; கடைசி மூன்று, கட்டத்துக்குள் இருக்கும் இலக்கம். டி வரிசை, பதினான்காம் இடம், கீழிருந்து இரண்டாவது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாக்கிடாக்கியில் இடத்தைச் சொன்னேன்.

"சரி, யாரு தப்பு?" என்றார் சார். அவன் உச்சரிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் நம்பத் தயார்.

"அவுக சரியாத்தான் சொல்லியிருக்காக சார். நாந்தான் ஒரு ஏளை விட்டுட்டேன்."

"ஒரு எதை?"

"ஏளு சார்."

சார் என்னைப் பார்த்தார். அவர் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. "அவனுக்கு ஏயு, உனக்கு ஏளு. நல்லா சேர்ந்தீங்க. கீழ போ. பொட்டி வெளிய போறதுக்கு முன்னாடி உன் கண்ணால நம்பரைப் பார்த்துட்டு வா."

படியிறங்கி கேட்டுக்கு ஓடினேன். பீம்ராவ் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். வியாசர்பாடிக்காரர், வயது ஐம்பதுக்கு மேல்.

"அண்ணாச்சி, என்னால உங்களுக்குக் கெட்ட பேரு."

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகீறேன்?" என்று சிரித்தார். நடந்ததைச் சொன்னேன். வாய்க்குள் ஏயு, ஏயு என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "மெய்தாம்மா. இனிமே நம்பரு ஏயுன்னு சொல்றேன். இல்லாங்காட்டி பக்கத்துல கீறப்ப வெரலைக் காட்டிடறேன்."

ஐந்தரைக்கு டிரெய்லர் நகர்ந்து வந்தது. பழுப்புச் சிவப்புப் பெட்டி, வீட்டு உயரத்துக்கு. அதன் நெற்றியில் வெள்ளைப் பெயிண்டில் நான் விட்ட ஏழு, என் உள்ளங்கை நீளம் இருந்தது. கையெட்டும் தூரத்தில் போனபோது தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அப்போது பீம்ராவின் வாக்கிடாக்கியில் சாரின் குரல் ஏதோ சொன்னது. டிரெய்லர் என்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பீம்ராவ் அதைக் காதில் அழுத்திக் கேட்டுவிட்டு என்னிடம் கத்தினார்.

"நாளிக்கு வர்றப்ப போட்டோ எட்த்துகினு வரணுமாம்!"

"எத்தனை?"

டிரெய்லர் ரோட்டில் ஏறி ஹாரன் அடித்தது. புழுதிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் கையைத் தலைக்கு மேலே தூக்கி, இரண்டு விரலை விரித்துக் காட்டினார்.