டேங்க்கில் நீலச் சாயம்

கால் ஆணி என்றுதான் பிளம்பர் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் ஒரு கறுப்புத் திட்டு. பிளேடால் சீவினார், பிளாஸ்டர் ஒட்டினார், தான் ஒரு நாள் போகாவிட்டால் ஊரில் உள்ள குழாயெல்லாம் வெடித்துவிடும் என்பதுபோல வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டரம்மா அதில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதித்து, தோல் புற்றுநோய் என்று சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல சொல்லணுமா?" என்பதுதான்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. மனைவியின் அக்கா மார்புப் புற்றுநோயில் போனவள். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் மனைவி. அதற்குப் பிறகு டிவியில் அந்தப் பேர் வந்தாலே ரிமோட்டைத் தேடுவாள். இன்னொரு முறை தாங்கமாட்டாள் என்று பிளம்பர் தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டார். இப்படிப்பட்ட தீர்ப்புகளில் எதிர்த்தரப்பை விசாரிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "கால்ல அடிபட்டா தொடை இடுக்குல நெறி கட்டும் இல்லையா? இந்த நோயும் கால்லேருந்து கிளம்புச்சுன்னா பெரும்பாலும் முதல்ல அந்த நெறியிலதான் போய் நிக்கும். அங்க நெறிங்க நிறைய இருக்கு. எதுன்னு தெரியறதுக்காக, திட்டைச் சுத்தி நீலச் சாயத்தை ஊசியில ஏத்துவோம். அது போய்ச் சேர்ற நெறியை எடுத்து லேப்ல பாப்போம். சுத்தமா இருந்தா நல்ல சேதி."

"இல்லன்னா?"

"இல்லன்னா வைத்தியம் நீளும். வருஷக்கணக்குல வந்து போகணும். கூட ஒரு ஆள் வேணும்."

பிளம்பருக்கு நன்றாகவே புரிந்தது. அவரும் டாய்லெட் டேங்க்கில் நீலச் சாயத்தைக் கலந்துவிட்டுக் காத்திருக்கிறவர்தான். யாரும் ஃப்ளஷ் பண்ணாமலே கீழே நீலம் இறங்கினால் வால்வு ஒழுகுகிறது. அதே வித்தையைத்தான் இப்போது தன் காலில் செய்யப்போகிறார்கள்.

கால் ஆணியை எடுக்கிறார்கள், நெறி கட்டியிருப்பதையும் சேர்த்து எடுக்கிறார்கள் என்று வீட்டில் ஒரு கதை சொன்னார். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தவன் மச்சான், மனைவியின் தம்பி, டாக்சி ஓட்டுகிறவன். "உங்கக்காகிட்ட மூச்சு விட்டே, தொலைச்சிடுவேன்" என்று அவனையும் மிரட்டி வைத்தார்.

ஆபரேஷன் முடிந்து கிளம்பும்போது நர்ஸ் சொன்னாள், "யூரின் நீலமா, பச்சையா போகும். பயப்படாதீங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

வீட்டுக்கு வந்த அன்று மாலையே மனைவி டாய்லெட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, இங்க என்ன நீலமா கிடக்கு?"

ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தடுமாறியதில் ஃப்ளஷ் பண்ண மறந்திருந்தார். ஆனால் பொய்க்குத் தொழில் கைகொடுத்தது. "டேங்க்ல சாயம் போட்டிருக்கேன். ஒழுகுதான்னு பாக்க."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"சும்மா உக்காந்திருக்க முடியுமா?"

அவள் வாசற்படியில் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாப்பாடு எடுத்துவைக்கப் போனாள்.

இரண்டு நாள் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. நீலம் மட்டும் போகவில்லை. உட்கார்ந்து எழுந்து திரும்பிப் பார்த்தால் கீழே நீலம். உட்காரும் முன்னால் ஒருமுறை பார்த்திருக்கலாம். பயந்தவனுக்கு அந்த யோசனையெல்லாம் வராது. உள்ளே எங்கோ அடைத்துக்கொண்டது, சாயம் நிற்கிற இடத்தில் நோயும் நிற்கிறது என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். தூக்கம் போயிற்று. மச்சானுக்குப் போன் போட்டார்.

"மாமா, ஆஸ்பத்திரில கேட்டுடுங்களேன்."

"கேட்டு, அவங்க வேற ஏதாவது சொல்லிட்டாங்கன்னா?"

போனை வைத்துவிட்டார். பிளம்பருக்கு யாரிடமாவது விழுந்து அழவேண்டும்போல இருந்தது. அழக்கூடிய ஒரே ஆள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ரிசல்ட் வாங்கும் நாள் காலையில் ஃப்ளஷ் கைப்பிடி தொளதொளவென்று ஆடியது. கொக்கி கழன்றிருக்கும். கை தானாகப் போய் டேங்க் மூடியைத் தூக்கியது. உள்ளே விளிம்பு வரை நீலம்.

பிளம்பர் மூடியைப் பிடித்தபடி நின்றார். அவர் அதில் ஒரு சொட்டு சாயம் விடவில்லை. நொண்டிக்கொண்டே போய்த் தரையில் உட்கார்ந்து தன் வேலைப் பையைத் திறந்தார். சாயப் பாட்டில் முக்கால்வாசி காலி.

மனைவி வெளியே கிளம்பும் கோலத்தில், மடியில் கைப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் தம்பி சொன்னானா?"

"அவன் எதுவும் சொல்லல. அக்காவுக்கு இந்த ஊசி போட்ட அன்னிக்கும் இப்படித்தான் நீலமாப் போச்சு. நான்தானே கூட இருந்தேன். நீங்க டேங்க்னு சொன்னதும் மூடியைத் தூக்கிப் பாத்தேன். தண்ணி தெளிவா இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு நீ சாயம் ஊத்தின?"

"பொய் சொல்லி முடிச்சதும் உங்க மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துச்சு. அதைக் கெடுக்க மனசு வரல. நீங்களா சொல்ற வரைக்கும் அந்தப் பொய் நிக்கட்டும்னு தினமும் கொஞ்சம் ஊத்தினேன்."

"அடிப்பாவி, அந்த நீலத்தைப் பாத்துத்தான் நான் தினமும் செத்துக்கிட்டிருந்தேன்."

அவள் திகைத்துப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் அழுகையானது. அவள் எழுந்து வந்து அவர் தலையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அவரைத் தேற்றிக்கொண்டே அவளும் அழுதாள்.

வெளியே மச்சான் ஹார்ன் அடித்தான். அக்காவும் சேர்ந்து வந்து வண்டியில் ஏறியதைப் பார்த்தவன் கண்ணாடியை நேராக்குவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். 

"நெறியில இருக்கு. ரொம்பச் சின்னதா, ஒரு புள்ளி அளவுக்கு. மத்த நெறிகளை இப்ப எடுக்க வேண்டாம். சில மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாக்கணும். மருந்தும் தேவைப்படலாம், பேசி முடிவு பண்ணலாம்."

பிளம்பர் டாக்டரைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார். அவள் உடையப்போகிறாள் என்று இத்தனை நாள் பயந்த இடம் இதுதான். அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள், பிடி தளரவில்லை.

"கூட யாரு வருவாங்க?" என்றார் டாக்டரம்மா.

"நான்தான் வருவேன்" என்றாள் அவள். "எனக்கு வழி தெரியும்."