ரிஜுவனேஷன் சென்டரும் ஒரு காளைக்கன்றும்

1

உலகத் தமிழர்கள் ஒரு நிமிடம் கைவேலையை நிறுத்தவும். ‘ரிஜுவனேஷன்’ என்ற ஆங்கிலச் சொல், அடி அண்ணாமலையில் ஒரு மாட்டுக்கொட்டகைக்குக் குடிவந்துவிட்டது.

(கதை பிறந்தது இப்படித்தான்: கொட்டகையை வெள்ளைக்காரர்களுக்கான குடிலாக மாற்றும் தருமன், போர்டில் போட அந்தச் சொல்லின் விளக்கத்தை எழுதித் தரச் சொன்னார். அகராதியோடு போனேன்.)

2

பொன்னொளி மலைமேல் படரும் வேளையில் தருமனின் மனைவி தனம்...

(வேண்டாம். வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. தனம் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.)

பசுவை ஏற்கெனவே விற்றாயிற்று. மிச்சம் ஒரு காளைக்கன்று. பால் தராது, உழவுக்கு டிராக்டர் இருக்கிறது. அதைக் கேட்டு வருபவர் அடிமாட்டு வியாபாரி ஒருவர்தான். தருமன் சரியென்று சொல்லிவிட்டார். தனம் சொல்லவில்லை.

3

“அந்த போர்டு வார்த்தைக்கு இன்னா சார் அர்த்தம்?” என்றாள் தனம்.

“மறுபடியும் இளசாக்கறதுங்க.”

“யார?”

“இங்க வந்து தங்கறவங்கள.”

“எங்க வூட்டுக்காரரு ஒவ்வொரு கோடைக்கும் இங்கதான் படுக்கறாரு. ஒண்ணும் இளசாவல.”

வெளியே பெயின்டரோடு நின்ற தருமன் குரல் கொடுத்தார்: “ஏய், சாரை எழுதவுடு!”

எனக்கோ உற்சாகம் பிறந்துவிட்டது. லத்தீனில் இளைஞனைக் குறிக்கும் சொல்லும் இளங்காளையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை என்று விளக்கினேன். (என் சரக்கல்ல, அகராதியில் இருக்கிறது.)

தனம் கூடையை இறக்கிவைத்தாள்.

“அப்ப கன்னுக்குட்டியும் அந்த வார்த்தைக்குள்ளயே கீதுனு அவர்கிட்ட சொல்லுங்க சார். நான் சொன்னா கேக்கமாட்டாரு. லத்தீன்ல சொன்னா கேப்பாரு.”

4

முடிவு அ: சொல்கிறேன். தருமன் கண்கலங்கிக் கன்றின் கழுத்தை... (தருமனா? நானே நம்பவில்லை.)

முடிவு ஆ: சொல்கிறேன். கன்றைக் கட்டிக்கொண்டு தியானம் செய்வதற்குத் தருமன் தனிக் கட்டணம் வைக்கிறார். கன்று பிழைக்கிறது. (நடக்கக்கூடியதுதான். அதனாலேயே இலக்கியத் தரம் சற்றுக் கம்மி.)

வாசகரே, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அன்று தருமனிடம் எதுவும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரே அகராதியை நம்பிச் சொல்லலாமா? வீட்டுக்கு வந்து இன்னொன்றிலும் பார்த்தேன்.

வேர் சரியாகத்தான் இருந்தது. கன்றை அதற்குள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.