கடைசிப் பெட்டி

எனக்கு றோலர் கோஸ்டர் பைத்தியம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? சார்ஜாவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. லீவு கிடைத்தால் மற்றப் பெண்கள் நகைக்கடைக்குப் போவார்கள். நான் பஸ் ஏறி, எங்கே தண்டவாளம் தலைகீழாக வளைகிறதோ அங்கே போவேன். மாப்பிள்ளை பார்க்கச் சொன்னால் ரயில் பார்க்கிறாள் என்று என் தங்கை சர்மிலா பெரியகல்லாறு முழுக்கச் சொல்லித் திரிகிறாள். சொல்லட்டும், எனக்கு உறைப்பதில்லை.

எத்தனை பெரிய ரயிலில் ஏறினாலும் என் மனதில் முதலாவதாக நிற்பது காத்தான்குடிப் பக்கம் வாவிக்கரையில் உசனார் காக்காவின் பார்க்கில் ஓடும் சின்ன ரயில்தான். காக்கா என்றால் முஸ்லிம் ஊர்களில் அண்ணன். அவர் குவைத்தில் இப்படியொரு பார்க்கில் வேலை செய்தவர். அங்கே கழித்துவிட்டதை வாங்கிக் கப்பலில் கொண்டுவந்து பொருத்தினார். நாலு பெட்டி, இரண்டு மேடு, ஒரு வளைவு, அவ்வளவுதான். ஆனால் கடைசிப் பெட்டியில் இருந்து இரண்டாம் மேட்டைத் தாண்டும்போது உடம்பு ஆசனத்தை விட்டு எழும்பும், வாவி முழுவதும் காலடியில் விரியும். பன்னிரண்டு வயதில் அதைக் கண்டேன். அதோடு என் கதை முடிந்தது.

அந்தப் பெட்டியில் எனக்குப் பக்கத்தில் எப்போதும் இருப்பவன் காக்காவின் மூத்த மகன் றிப்ஷான். என் வயதுதான். நான் கத்திக்கொண்டு வருவேன். அவன் தலையைச் சரித்து, அடியில் உருளும் சக்கரச் சில்லுகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருவான், என்னை வாயை மூடச் சொல்லுவான். ரயிலில் என்ன பிழை வந்தாலும் முதலில் வாலில்தான் தெரியும் என்பது அவன் கொள்கை. சார்ஜா போன பிறகு நான் ஏறும் ஒவ்வொரு ரயிலையும் வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்புவேன். இரண்டு வருஷமாகப் பதில் இல்லை. கல்யாணம் முடித்ததும் துரைக்குக் கண் தெரியவில்லை போல என்று நானும் விட்டுவிட்டேன். இந்த லீவில், ஹஜ் பெருநாளன்று போய் நேரிலேயே நாலு கேள்வி கேட்பது என்று வைத்திருந்தேன்.

பெருநாள் காலை சர்மிலாவையும் அவளுடைய மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். கச்சான் காற்று சூடாக அடித்தது. சனம் கேற் வரைக்கும் நின்றது. வரிசையில் எங்களுக்கு முன்னால் பொடியன்கள் கடைசிப் பெட்டிக்குச் சண்டை பிடித்தார்கள். அதுதான் தூக்கித் தூக்கி அடிக்குமாம், முன்பெட்டிகளில் ஒன்றுமே இல்லையாம். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. பார்த்தாயா, ஊருக்கும் இப்போதுதான் விஷயம் விளங்கியிருக்கிறது என்று சர்மிலாவை முழங்கையால் இடித்தேன்.

அந்தப் பார்க்கில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டு விற்க முன்னம் வீட்டார் எல்லாரும் ரயிலில் ஏறி ஒரு சுற்றுப் போய் வருவார்கள். காக்கா, அவருடைய மனைவி றஸீனா ராத்தா, பிள்ளைகள், மருமக்கள், எல்லாரும் பெருநாள் உடுப்போடு ஏறுவார்கள். என் குடும்பம் ஏறாத ரயிலில் ஊராரை ஏற்ற மாட்டேன் என்று காக்கா நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார். சனம் அதை நம்பித்தான் பிள்ளைகளைக் கொண்டுவரும். வேறு சோதனை ஒன்றும் கிடையாது. ஏறி இருக்கும்போது எந்தப் பெட்டி முனகுகிறதோ, இறங்கியதும் அதைக் கழற்றிப் பார்ப்பார்கள்.

அன்றும் ஏறினார்கள். காக்காவின் தாடி முழுதாக வெளுத்துப் போயிருந்தது. றிப்ஷானைத் தேடினேன், காணவில்லை. வேறொன்றைத்தான் கண்டேன். வீட்டார் எல்லாரும் முன் மூன்று பெட்டிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். இடம் போதாமல் ஒரு மருமகள் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். கடைசிப் பெட்டியில் ஒருவரும் இல்லை.

ரயில் கிளம்பியது. ஸ்பீக்கரில் பாட்டு காதைப் பிளந்தது. வரிசையை விட்டுவிட்டு இரண்டாம் மேட்டுக்குக் கீழே ஓடினேன். மேட்டைத் தாண்டும்போது கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு எழும்பி, 'டங்' என்று திரும்ப விழுந்தது. இரண்டு விரல் உயரம்தான் இருக்கும். ஆனால் எழும்பவே கூடாது. தண்டவாளத்துக்கு மேலே ஓடும் சில்லு மாதிரி அடியிலும் ஒரு சில்லு இருக்கும். பெட்டியை எழும்ப விடாமல் பிடித்து வைப்பது அதுதான். நல்ல ரயிலில் நாங்கள்தான் எழும்புவோம், பெட்டி எழும்பாது. பொடியன்கள் எதற்குச் சண்டை பிடித்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இரத்தம் கொதித்தது. தெரிந்துகொண்டே செய்கிறார்கள், தாங்கள் முன்னால் பத்திரமாக இருந்துகொண்டு ஊரார் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ரயில் வந்து நின்றதும் நேராக மேடைக்கு ஏறினேன். காக்கா என்னைக் கண்டு வாயெல்லாம் பல்லாக, எப்போது வந்தாய் மகள் என்றார். சீட்டு விற்க வேண்டாம், கடைசிப் பெட்டி எழும்புகிறது என்றேன். கச்சானுக்குக் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், குடும்பத்தோடு ஏறிக் காட்டினேன்தானே, போய் வரிசையில் நில் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"காட்டினது மூண்டு பெட்டி. நாலாவதுல ஏன் காக்கா உங்கட ஆக்கள் ஒருத்தரும் ஏறல்ல? உங்கட உயிருக்கு மட்டும்தானா விலை?"

அவருடைய முகம் அப்படியே விழுந்துவிட்டது. சர்மிலா பின்னால் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள், நான் உதறினேன். பதில் சொன்னது றஸீனா ராத்தா. முன்பெட்டியில் இருந்து இறங்காமலே சொன்னார்.

"அது றிப்ஷான்ட இடம், மகள். அவன் மவுத்தாகி ரெண்டு வருஷம். கல்முனை றோட்டுல மண் லொறி அடிச்சி. அதுக்குப் பொறகு நாங்க அதுல ஏறுறல்ல. ஏறினா அவன்ட மடியில ஏறி இரிக்கிற மாதிரி. ஊராக்களுக்கு அது வெறும் பெட்டிதானே."

எங்கள் பெரியகல்லாற்றுக்கு அந்தச் செய்தி வந்து சேரவேயில்லை. செத்துப்போனவனுக்கு வீடியோ அனுப்பிவிட்டு, பதில் இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த மேடையிலேயே குந்தி இருந்து அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் பொடியன்கள் கேற்றை உலுப்பிக்கொண்டு நின்றார்கள். சர்மிலாவின் மகளும் அவர்களோடு நின்றாள். அழ நேரமில்லை.

இவர்கள் ஒன்றையும் மறைக்கவில்லை. இவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஏறிப் பார்ப்பது ஒன்றையே சோதனையாக வைத்திருப்பவர்கள், இரண்டு வருஷமாக அந்த ஒரு பெட்டியில் ஏறவில்லை.

"காக்கா, அடியில கையை விட்டுத் தொட்டுப் பாருங்க," என்றேன். "சில்லு இருந்தா உங்கட காலில விழுந்து மன்னிப்புக் கேக்கிறன்."

ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. பெருநாள் வெள்ளைச் சாரத்தோடு மேடையில் குப்புறப் படுத்து, கடைசிப் பெட்டிக்கு அடியில் தோள் வரைக்கும் கையை விட்டுத் தடவினார். கை ஓர் இடத்தில் நின்றது. எழும்பி, மறுபக்கம் போய் அங்கேயும் படுத்தார். திரும்பி வந்தபோது சாரம் முழுக்கக் கறுப்பு நெய். ஒரு பக்கம் சில்லே இல்லை, வெறும் அச்சு மட்டும் நிற்கிறது என்றார். மறுபக்கத்துச் சில்லு விழுகிற மாதிரித் தொங்குகிறது என்றார். பிறகு ஒருவரையும் பார்க்காமல் பேசினார்.

"போன பெருநாளைக்கி ஏறாவூர்ப் பொம்புளப் புள்ள ஒண்டு. வாயெல்லாம் ரெத்தம். பெட்டி தூக்கி அடிச்ச எண்டு அதுட உம்மா செல்லிச்சி. கம்பியப் புடிக்காட்டி அப்பிடித்தான் எண்டு செல்லி, ஐஸ்பழம் ஒண்டு வாங்கிக் குடுத்து அனுப்பினன்."

இளைய மகன் றுமைஸ் ஆணி கழற்றும் சாவியோடு ஓடிவந்தான். கடைசிப் பெட்டியைக் கழற்றிவிட்டு மூன்றோடு ஓட்டுவோம், இவ்வளவு சனத்தை எப்படித் திருப்பி அனுப்புவது என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. காக்கா நடந்து போய் ஜெனரேற்றரை நிறுத்தினார். பாட்டும் அதோடு நின்றது. கேற்றைப் பூட்டச் சொன்னார். சனம் கூக்குரல் போட்டது. பெருநாளும் அதுவுமாகப் பிழைப்பைக் கெடுக்க வந்தவள் என்று யாரோ எனக்குக் கேட்கவே ஏசினார்கள். சர்மிலா மட்டும் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்து இறுக்கிக்கொண்டு நின்றாள்.

காக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மகள், அவன் இருந்திருந்தா இந்தச் சத்தத்தக் கேட்டிருப்பானா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் தாங்குவாரோ என்று பயமாக இருந்தது. ஆனால் றிப்ஷானுடைய காதைப் பற்றி எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"முதல் நாளே கேட்டிருப்பான், காக்கா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். றஸீனா ராத்தா முன்பெட்டியில் இருந்து இறங்கி, மெதுவாக நடந்து போய்க் கடைசிப் பெட்டியின் கம்பியைப் பிடித்தார். வேண்டாம் உம்மா என்று றுமைஸ் தடுத்தான். அவர் அவனைத் தள்ளிவிட்டார்.

"என்ட புள்ளைட இடம் எண்டு என்ட புள்ளைகள ஏத்தல்ல நான். ஊராக்கள்ட புள்ளைகள ஏத்தினன்."

சொல்லிவிட்டு ஏறி இருந்தார். அவர் ஏறினதும் அடியில் தொங்கிய சில்லு தண்டவாளத்தில் 'டங்' என்று இடித்தது. பாட்டு இல்லாததால் அந்தச் சத்தம் கேற்றில் நின்றவர்களுக்கும் கேட்டது.