வெளுத்ததிலிருந்து பழுத்தது வரை

பதில் சொல்ல இன்னும் அறுபத்திரண்டு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு முதலாளியே வீடு தேடி வந்தார். உள்ளே வராமல், வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். மாதக் கடைசியோடு பட்டறையை மூடுகிறார். கடலோரப் பெருநகரத்தில் இருக்கிற பெரிய பல் பட்டறை ஒன்று அவருடைய இயந்திரங்களை வாங்கிக்கொள்கிறது. ஆட்களில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வார்களாம். திங்கள் காலை ஒன்பதுக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அந்த இடமும் வேறொருவருக்குப் போய்விடும்.

"அந்த ஒரு ஆள் நீதான்யா," என்றார் முதலாளி. "உன் கண்ணுக்காகத்தான் கேட்டிருக்காங்க. கை வேலைக்கு மெஷின் வந்துடுச்சு. கண்ணுக்கு இன்னும் வரல."

அவள் கணவருக்குப் பின்னால் ஈரக் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உடைந்த பல்லுக்கு மாட்டும் பீங்கான் கேப் செய்வது கணவரின் தொழில். பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிற நிறத்தைக் கண்டுபிடிப்பதுதான் அதில் பெரிய வேலை. ஷேடு பார்ப்பது என்பார்கள். பதினெட்டு வருடமாக அதைப் பார்க்கிறார். அவர் செய்த பல் எது என்று அதன் சொந்தக்காரரே நாக்கால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் கணவர்.

முதலாளி அவளைப் பார்த்தார். இதில் யோசிக்க என்னம்மா இருக்கிறது என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை.

யோசிக்க இருந்தது. அந்த நகரத்தில் ஓர் அறைக்குக் கேட்கும் வாடகையில் இங்கே மூன்று வீடு பிடிக்கலாம். அவளுக்கு மருந்துக் கடையில் கவுண்டர் வேலை. அந்தச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் மகளின் பள்ளிக்கும் சரியாகிவிடும். அடுப்பு எரிய அவர் சம்பளம் வேண்டும். இந்த ஊரில் வேறு பல் பட்டறை கிடையாது. போனால் மூச்சுத் திணறும். போகாவிட்டால் மூச்சே இருக்காது. அவள் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் விடை இதுதான் வந்தது.

சனிக்கிழமை காலை, கடைக்குக் கிளம்பும் முன் அந்த நகரத்தில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டாள்.

"வாடி, வந்து சேரு," என்றாள் அக்கா. "மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. உங்க அத்தான் உடம்பைக் குறைக்கிறேன்னு ஒரு சைக்கிள் வாங்கிப் போட்டிருக்கார். இன்னிக்கு வரைக்கும் அதுல பல்லிதான் ஏறியிருக்கு. தூக்கி வெளிய வெச்சா ரூம் ரெடி."

"வாடகை எவ்வளவுக்கா தரணும்?"

"அடி வாங்குவ."

போனை வைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் முகம் மலரும் என்று நினைத்தாள். அவர் பொத்தானைத் தப்பான துளையில் போட்டார்.

"ஓசியில எத்தனை நாள் இருக்க முடியும்?"

"ஒரு வருஷம். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடலாம்."

"பாப்பா ஸ்கூல்?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். சாப்பாட்டு டப்பாவையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

மதிய இடைவேளையில் அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். தரை முழுக்க வெள்ளை மாவுத் தூசு. அலமாரியில் யார் யாருடையதோ தாடைகள் வரிசையாக வாய் பிளந்திருந்தன. கணவர் இல்லை, பல் டாக்டர் கிளினிக்குக்குப் போயிருந்தார். மெழுகில் பல் செதுக்கும் அம்மா மட்டும் குனிந்து வேலையில் இருந்தாள். அவளுக்கும் இந்த மாதத்தோடு வேலை முடிகிறது.

"என்னம்மா, மூட்டை கட்டியாச்சா?"

"அவர் பிடியே கொடுக்க மாட்டேங்கிறார்க்கா."

"எங்களைக் கூப்பிட்டிருந்தா பல்லுகூட வெளக்காம ஓடியிருப்போம்." அந்த அம்மா கத்தியைத் துணியில் துடைத்தாள். "உன் வீட்டுக்காரர் இப்பல்லாம் ரொம்ப அடக்கம். முன்னாடி ஷேடு பத்தி யாராவது வாயைத் திறந்தா கடிக்க வருவார். இப்ப ஒவ்வொரு பல்லுக்கும் எங்ககிட்ட ஓட்டுக் கேக்கறார். எலெக்‌ஷன்ல நிக்கப் போறாரோ என்னவோ."

அவள் சிரித்தாள். மற்றவர்களுக்கு வேலை போகும்போது தனக்கு மட்டும் இடம் கிடைத்தது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் இப்படித் தாழ்ந்து நடக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். அவரைப் பற்றி அவளுக்கு அப்படித்தான் நினைக்கத் தெரியும்.

மாலைக்குள் அக்கா பள்ளியையும் விசாரித்துவிட்டாள். நடு வருடத்திலும் சேர்த்துக்கொள்வார்களாம். அவள் இதைச் சொன்னபோது கணவர் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"உப்புக் காத்து எனக்கு ஒத்துக்காது."

"கல்யாணமான புதுசுல பத்து நாள் அந்தக் கடல்லயே கெடந்தீங்களே? அப்ப ஒத்துக்கிச்சா?"

"அப்ப வயசு."

"உப்பு பல்லுக்கு நல்லதுன்னு நீதானேப்பா சொன்னே?" என்றாள் மகள். ஐந்தாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். யாரும் சிரிக்காததால் அவளும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழியும் வரை அழுதாள். ஒவ்வொரு கதவாகத் திறந்து கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே போனார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நேராகக் கேட்டாள்.

"வேற யாராவது இருக்காங்களா?"

"எங்க?"

"இந்த ஊர்ல. விட்டுட்டு வர முடியாத மாதிரி."

அவர் சிரித்துவிட்டார். "இந்த மூஞ்சிக்கா?"

அந்தச் சிரிப்பில் ஒளிவு மறைவு இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அப்படி யாராவது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ரொட்டி வாங்கக் கிளம்பினார். போன் மேசையில் இருந்தது. மூன்று நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்து, 'சம்மதம் ஐயா, வருகிறேன்' என்று முதலாளிக்கு அனுப்பினாள். அனுப்பிய விரல் தன்னுடையது இல்லை என்பது போலிருந்தது. உடனே மணி அடித்தது.

"நல்ல முடிவும்மா," என்றார் முதலாளி, குரலைக் கேட்டதும். "வயித்துல பால் வார்த்தீங்க. அங்க இருக்கிற தலைமை டெக்னீஷியன் ஒரு படம் கேக்கறார். புதுசா வர்ற எல்லார்கிட்டயும் கேக்கறதுதானாம். ஷேடு காட்டுற பதினாறு பல்லு இருக்குல்ல, அதுல நம்பரை மறைச்சுட்டு, வெளுத்ததுலேருந்து பழுத்தது வரைக்கும் அடுக்கி ஒரு படம் எடுத்து அனுப்பணும். உங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுச் செய்யற வேலை. சாயங்காலத்துக்குள்ள அனுப்பச் சொல்லுங்க."

அவர் பையிலேயே அந்தப் பெட்டி இருந்தது. கம்பி நுனியில் செருகிய பதினாறு பீங்கான் பற்கள். கம்பியில் எண். அவள் மருந்துக் கடை பிளாஸ்திரியைச் சிறு சிறு துண்டாக வெட்டிக் கொடுக்க, வாயாடி ஒவ்வோர் எண்ணின் மேலும் ஒட்டினாள். சன்னலருகே மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பற்களைக் கலைத்துப் போட்டார்கள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

கணவர் ரொட்டியோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"யாரைக் கேட்டு அனுப்பினே?"

"யாரையும் கேக்கல. கேட்டா கடல்ல உப்பு இருக்கும்பீங்க."

"என் போன்ல, என் பேர்ல."

"ஆமா. தப்புதான்." அவள் போனைக் கையில் எடுத்தாள். "வேணாம்னா இப்பவே போன் பண்றேன். நான்தான் அனுப்பினேன்னு சொல்லி அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். அடுத்த மாசம் என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல, ஆனாலும் பண்றேன். ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. ஓசி, ஸ்கூல், காத்து, இதெல்லாம் வேணாம். நிஜமான காரணம்."

அவர் ரொட்டியை நாற்காலியில் வைத்தார். மேசை முன் உட்கார்ந்தார். ஒரு பல்லை எடுத்தார், சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். கட்டை விரல் நகம் பிளாஸ்திரியின் ஓரத்தைத் தேடியது.

"ஐ, அப்பா காப்பி அடிக்கறார்!" என்றாள் வாயாடி.

விரல் நின்றது.

பிறகு அடுக்க ஆரம்பித்தார். சீட்டுக்கட்டைப் போல இதே பற்களை மளமளவென்று அடுக்குகிறவர். இப்போது ஒவ்வொன்றையும் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. கடைசிப் பல்லை வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டார்.

வரிசையில் மூன்றாவது பல் பழுப்பாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்தது பால்பல் போல வெளுத்திருந்தது.

"தப்பு தப்பு!" மகள் கைதட்டினாள். "அப்பா, இது டீ குடிச்ச பல்லு. இது கடைசியில வரணும்." கை நீட்டி அதை எடுக்கப் போனவள், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"விளையாடாதீங்க," என்றாள் அவள். "வேணும்னே மாத்தி அடுக்கிட்டு, அவங்க வேலைக்கு எடுக்கலேன்னு ஆக்கப் பார்க்கறீங்க. ஒழுங்கா அடுக்குங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"ஒழுங்காதான் அடுக்கினேன்."

சன்னலில் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. அவள் பற்களைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல், அந்தப் பழுப்புப் பல்லையும் வெள்ளைப் பல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டினேன்," என்றார். "கண்ணு நரம்பாம். வெளுப்பும் பழுப்பும் ஒண்ணாத்தான் தெரியுது. இனிமே சரியாகாதாம். எனக்கு நிறம் தெரியலம்மா."